சாமை முளைத்த ஆடுகளம்

சடையனுக்கு உட்காரத் தெரியாது. இடுப்பு அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் அப்படித்தான். ஊர்ப் பஞ்சாயத்தில் எல்லோரும் குந்தியிருக்க, அவர் மட்டும் புங்கமரத்தைச் சுற்றி நடந்துகொண்டே நியாயம் பேசுவார். களிக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய் மாட்டைப் பார்த்துவிட்டு வருவார். "இந்த மனுசன் கால்ல காத்து பூந்துகீது" என்பாள் அவர் மனைவி அம்மாக்கண்ணு.

அந்தக் கால்கள் அசையாமல் நின்று நான் பார்த்த இடம் ஒன்றே ஒன்று. சடுகுடுக் களத்தின் நடுக்கோடு. பாடிக்கொண்டு எதிரிப் பக்கம் போவதற்கு முன் அங்கே ஒரு கணம் நிற்பார். அருவி விழுவதற்கு முன் பாறை விளிம்பில் தண்ணீர் ஒருமுறை யோசிக்குமே, அப்படி.

மலை மேல் நெல்லிவாசல் நாட்டில் எங்கள் ஊருக்கும் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கும் ஆடித் திருவிழாவில் சடுகுடு நடக்கும். அந்த ஊர்தான் அம்மாக்கண்ணுவின் தாய்வீடு. அவளுடைய தம்பி கோவிந்தன் அந்த அணியின் முதல் ஆள். ஆக, ஆட்டம் என்பது மாமனுக்கும் மச்சானுக்கும் நடக்கும் வருடாந்திரச் சண்டை. "எங்க அக்காவக் கட்டிக் குடுத்தோம், காலையுமா கட்டிக் குடுத்தோம்? இன்னிக்கு வுடமாட்டேன் மாமா" என்று கோவிந்தன் கத்துவான். சடையன் பதில் பேசமாட்டார். பாடும் மூச்சில் பேச இடமேது? தொட்டுவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் சொல்வார்: "உங்கக்காவே என்னைப் புடிச்சி வெக்க முடியல, நீ எம்மாத்திரம்?"

எண்பத்தொன்றாம் வருடம் மாசியில் புளி உலுக்க ஏறிய இடத்தில் கிளை முறிந்து விழுந்தார். கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது போலத் தெரிந்தது. ஆனால் நாள் போகப் போகக் கால் குட்டையானது. வலியில் தூக்கம் போயிற்று. நடக்கிற மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிற்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட குளவி மாதிரி இருந்தார். இரண்டு ஆடித் திருவிழாக்கள் அவர் இல்லாமல் போயின. இரண்டிலும் நாங்கள் தோற்றோம்.

கடைசியில் ஆலங்காயத்துக்கு இறக்கி, அங்கிருந்து வேலூருக்குக் கொண்டுபோனோம். தொடை எலும்பின் தலை செத்துப்போயிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு உலோகக் குண்டு ஒன்றையும், அது சுழல இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தையும் பொருத்தினார்கள். ஐப்பசி மழையில் நாங்கள் அவரை ஜீப்பில் ஏற்றித் திரும்பியபோது இரண்டு காலும் ஒரே நீளமாக இருந்தன.

கிளம்புவதற்கு முந்தின நாள், பயிற்சி சொல்லிக்கொடுத்த பூங்கோதை அவரை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தாள். படவேட்டுப் பக்கத்துப் பெண். சிரித்த முகம்.

"அண்ணே, இனிமே குந்தக்கூடாது. சம்மணம் போடக்கூடாது. ஓடக்கூடாது. குதிக்கக்கூடாது."

"அப்போ இன்னாதான் பண்றது?"

"நடங்க. எவ்ளோ வேணா நடங்க. மேடு ஏறுங்க, மெதுவா. தெனமும் படுத்துக்கினு காலைத் தூக்கி எறக்குங்க. கொஞ்சம் பலம் வந்ததும் கணுக்கால்ல மணல் மூட்டை கட்டிக்கினு தூக்குங்க."

"சடுகுடு?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"அண்ணே, கோணலா வுழுந்தீங்கன்னா குண்டு கிண்ணத்த வுட்டுக் கழண்டுக்கும். மறுபடியும் வெட்டணும். மறுபடியும் இப்பிடி அமையுமான்னு யாராலயும் சொல்ல முடியாது."

சடையன் வராந்தாவுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அம்மாக்கண்ணுதான் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். ஜீப் மேலே ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அவர் தொடையை இரண்டு கையாலும் அமுக்கியபடி வந்தாள். "கழண்டுக்கப் போவுது, மெதுவா போப்பா."

வந்த பிறகு சிரமம் வேறு மாதிரி தொடங்கியது. தரையில் வாழ்கிற ஊர் எங்களுடையது. நாற்காலி பள்ளிக்கூடத்தில்தான் உண்டு, அதிலும் ஒரு கால் கிடையாது. அம்மாக்கண்ணு யோசித்து யோசித்து, உரலைக் கவிழ்த்துப் போட்டுச் சாக்கை மடித்து வைத்தாள். உரல் மேல் யாராவது உட்காருவார்களா? வீட்டுக்கு ஆகாதே. சூடம் ஏற்றி உரலிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "உக்காருங்க, நான் சொல்லிட்டேன்" என்றாள். வெளிக்குப் போவது பெரிய பிரச்சினை. ஓடைக்குப் போகும் வழியில் அவரே இரண்டு பாறைகளைக் கண்டுபிடித்தார். சரியான உயரம், சரியான இடைவெளி. ஒரே வாரத்தில் அதற்குச் 'சடையன் சிம்மாசனம்' என்று பெயர் விழுந்தது. காலையில் யாரைக் காணவில்லை என்றாலும், "சிம்மாசனத்துல கீறாரான்னு பாரு" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

வாசலில் பாய் விரித்துப் படுத்துக் காலைத் தூக்குவார். பக்கவாட்டில் தூக்கும்போது தெருநாய் ஒன்று வந்து நின்று பார்க்கும். "பாரு, அதுக்கு சந்தேகம். நம்ம ஜாதியான்னு" என்பான் அர்ச்சுனன். அவன்தான் இப்போது எங்கள் அணிக்குத் தலைவன். ஒருநாள் உடைந்த ரேடியோவிலிருந்து காந்தக்கட்டியை எடுத்துவந்து அவர் இடுப்பில் வைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை.

"மாமா, உங்கள ஏமாத்திட்டாங்க. உள்ள ஒண்ணுமே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சடையனும் சிரித்தார். ஆனால் அன்று மாலை முழுவதும் இடுப்பைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்ததை நான் எங்கள் வாசலிலிருந்து பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொல்ல ஒரு களம்தான் உண்டு.

மாசி பிறந்ததும் மூட்டை கட்ட வேண்டிய கட்டம் வந்தது. மணல் வேண்டுமென்றால் ஓடைக்கு இறங்க வேண்டும். அவ்வளவு சரிவு அப்போது அவரால் ஆகாது. பிறரிடம் கேட்கிற ஆளும் இல்லை. மேலே இருப்பதோ ஒட்டுகிற செம்மண். குதிரில் கைவிட்டு விதைச் சாமையை அள்ளினார். பழைய வேட்டித் துணியில் இரண்டு பை தைத்து நிரப்பி, கணுக்காலுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டார்.

"வெதையப் போய்க் கால்ல கட்டுவாங்களா?" என்றாள் அம்மாக்கண்ணு.

"வெதைக்கறப்ப திருப்பித் தந்துடறேன். கால்லயா முளைக்கப் போவுது?"

பங்குனிக்குள் கைத்தடி போயிற்று. சித்திரையில் விடிவதற்கு முன்பே எழுந்து பைகளைக் கட்டிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். "எங்க?" என்று கேட்டால் "நடந்துட்டு வர்றேன்" என்பார். வெயில் ஏறும்போது வேர்வையும் புழுதியுமாகத் திரும்புவார். நடந்தால் இவ்வளவு புழுதியா என்று அம்மாக்கண்ணு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காலையில் கொஞ்ச நேரமாவது வீடு அமைதியாக இருந்ததே என்று விட்டுவிட்டாள்.

வைகாசியில் ஆட்டக்காரர்கள் கூடினோம். சடையன் வந்து ஓரமாக நின்றார். நின்றார் என்றால், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். பேர்கள் சொல்லி முடித்தான் அர்ச்சுனன். அவர் பேர் வரவில்லை.

"என் பேரு?"

"மாமா... நீங்க கோட்டாண்ட நின்னு எங்களுக்கு யோசன சொல்லுங்க. உங்க வாய் போதும் எங்களுக்கு."

"வாயில இன்னாடா கீது? எனக்கு மூச்சு கீது. நான் ஆடுவேன்."

"அக்காவக் கேட்டீங்களா?"

"உங்கக்காவா பாடப் போறா?" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். அந்த வேகத்தில் நடையில் கொஞ்சம் சாய்வு தெரிந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம்.

செய்தி அம்மாக்கண்ணுவுக்குப் போயிற்று. அன்றைக்கு அந்த வீட்டில் பாத்திரங்கள் சத்தமாக வைக்கப்பட்டன. "ஆடமாட்டேன்னு சொல்லுங்க" என்றாள். "நடக்கத்தான் போறேன்" என்றார் அவர்.

ஆனியில் நல்ல மழை. மழை விட்ட பிறகு களத்தைச் செதுக்க நாங்கள் மண்வெட்டியோடு போனோம். ஊருக்கு மேலே, காளி கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் களம். விறகுக்குக் கிளம்பிய அம்மாக்கண்ணுவும் அந்த வழியாக வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள்.

களத்தில் சாமை முளைத்திருந்தது.

எறும்பும் குருவியும் தின்றது போக மிச்சம், விரல் உயரத்தில், பச்சையாக. யாரும் விதைக்காத இடத்தில் அது ஒழுங்காக முளைத்திருந்ததுதான் ஆச்சரியம். நடுக்கோட்டில் அடர்த்தியாக. அங்கிருந்து எதிர்ப்பக்கம் வளைந்து போகும் மெல்லிய வரி. கோடியில் ஒரு திருப்பம். மறுபடி கோட்டுக்கு. இன்னொரு வரி இடதுபக்கமாக. நைந்த துணிப் பையிலிருந்து அடிக்கொரு மணியாக உதிர்ந்து, அவர் விடியலில் தனியாக ஆடிய ஆட்டம் முழுவதும் அங்கே எழுதியிருந்தது.

"எவன்டா களத்துல சாமைய வுட்டது?" என்றான் அர்ச்சுனன்.

அம்மாக்கண்ணு அந்த வரிகளின் மேலேயே நடந்தாள். வலது மூலைக்குப் பக்கத்தில் ஒரு பிடி நாற்று கொத்தாகக் கிடந்தது. பை நசுங்கிக் கொட்டிய இடம். நின்றவர் கொட்டினால் அப்படிக் கொட்டாது. அவள் அங்கே குந்தினாள். வெகுநேரம் எழவில்லை. பிறகு அந்தக் கொத்தை மண்ணோடு பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். விறகுக்குப் போகவில்லை. நேராக ஓடையைப் பார்த்து இறங்கினாள்.

தாய்வீட்டில் நடந்ததைக் கோவிந்தன் பிறகு சொன்னான். அக்கா வந்ததும் தண்ணீர் கூடக் குடிக்கவில்லையாம். முந்தானையை அவிழ்த்து நாற்றை அவன் கையில் வைத்தாளாம்.

"இது முளைச்ச எடத்துல உங்க மாமன் வுழுந்துகீறாரு. வுழுந்து, எழுந்து, வூட்டுக்கு வந்து களி தின்னுட்டு, ஒண்ணும் சொல்லாம இருந்துகீறாரு."

"அய்யோ. ஆடவாணாம்னு சொல்லுக்கா."

"சொன்னா அந்த ஆளு மலைய வுட்டே குதிச்சிடுவாரு. ஆடட்டும். உங்கள்ல ஒருத்தரும் அவர் மேல கை வெக்கக்கூடாது. பச்சை மேல சொல்லு."

எங்கள் பக்கம் பச்சைப் பயிரைக் கையில் வைத்துச் சொன்ன சொல்லை யாரும் மீறமாட்டார்கள். மீறினால் சொன்னவன் கொல்லையில் பயிர் நிற்காது என்பார்கள். அந்த நாற்றைச் சொன்னவனே தன் வாசலில் நட்டு, கதிர் அறுக்கும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் சொல்லுக்கு உயிர் உண்டு. கோவிந்தன் பச்சை மேல் சொன்னான். தன் ஆட்களையும் சொல்ல வைத்தான். நாற்றை வாசலில் நட்டான்.

ஆடித் திருவிழா வந்தது. காளிக்குப் பொங்கல் வைத்து முடிந்ததும் களத்தைச் சுற்றிக் கூட்டம். கோடு பார்க்க வேடியப்பன் வந்திருந்தார். இரண்டு ஊருக்கும் பொதுவான மனிதர், காது மட்டும் ரொம்பக் கூர்மை. சடையன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அர்ச்சுனன் ஓடிவந்தான்.

"மாமா, வாணாம் மாமா."

"தள்றா. நான் இன்னா ஓடப்போறனா? நடந்துட்டு வர்றேன்."

பெண்கள் கூட்டத்தில் அம்மாக்கண்ணு ஒன்றும் சொல்லவில்லை என்பது அர்ச்சுனனுக்குக் குழப்பமாக இருந்திருக்க வேண்டும். வழிவிட்டான்.

நடுக்கோட்டில் சடையன் நின்றார். மூன்று வருடம் கழித்து அந்தக் கால்கள் அசையாமல் இருந்தன. பிறகு மூச்சை இழுத்து, "சடுகுடு சடுகுடு சடுகுடு" என்று உள்ளே போனார்.

ஓடவில்லை. நடந்தார். ஆனால் என்ன நடை! மூச்சு அவரைவிட நிதானமாக வந்தது. மற்றவர்கள் தொடுவதற்குள் செத்துவிடும் மூச்சு, அவரிடம் ஓடைத் தண்ணீர் போலப் போய்க்கொண்டே இருந்தது. ஒருவனைத் தொட்டார். கூட்டம் கத்தியது. இன்னொருவனைத் தொட்டார். கூட்டம் இன்னும் கத்தியது. மூன்றாமவன் தொடுவதற்கு வசதியாகத் தோளைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் அவர் முகம் மாறியது.

சடுகுடுவை விடாமலே திரும்பிப் பார்த்தார். பின்னால் வளைக்க யாரும் இல்லை. காலுக்குப் பாய யாரும் இல்லை. கோவிந்தன் எதிரில் நின்றான், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்பது மாதிரி. சடையன் அவன் மார்புக்கு நேரே போய் நின்றார். பாடிக்கொண்டே வலது காலை அவன் முன் நீட்டினார். பிடி என்பது போல. கோவிந்தன் ஓர் அடி பின்னால் போனான். இவர் ஓர் அடி முன்னால் போனார். கூட்டத்தின் சத்தம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. சடுகுடு சடுகுடு. அவன் கண் தரையைப் பார்த்தது.

"புடிடா!"

மூச்சு உடைந்தது. பாடிப் போனவன் வேறு சொல் சொன்னால் ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். அது குழந்தைக்கும் தெரியும்.

வேடியப்பன் வானத்தைப் பார்த்தார். "மழ வரும் போல கீதே."

"வேடியப்பா, நான் பேசுனேன்."

"எனக்குக் கேக்கல சடையா. வூட்டுப் பக்கமா திரும்பிப் போ. நல்லா பாடுன."

"கொசு கத்துனா கேக்கும் உனக்கு. கேக்கலையா?" கோவிந்தன் பக்கம் திரும்பினார். "நீ சொல்றா. உன் மூஞ்சிக்கு நேராத்தான சொன்னேன்? கேட்டுதா இல்லியா?"

கோவிந்தன் அக்கா இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்தான்.

"கேட்டுது மாமா. மூச்சு வுட்டுட்ட. அவுட்டு. வெளிய போ."

அவரை அப்படி அதட்டி யாரும் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. சடையன் அவனை ஒரு கணம் பார்த்தார். "ம்" என்றார். தலையை ஆட்டிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து நடந்து கோட்டுக்கு வெளியே போனார். அவுட்டானவர்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அவர் குந்த முடியாமல் அவர்களுக்குப் பின்னால் இங்கும் அங்குமாக நடந்தார். அர்ச்சுனன் ஒருவனை அமுக்கியதும், "சடையன் உள்ள வரலாம்" என்றார் வேடியப்பன். விதிப்படி வரலாம். அவர் கையை அசைத்து வேறு ஆளை அனுப்பச் சொன்னார்.

"புடிக்காத எடத்துக்கு நான் இன்னாத்துக்கு?"

அந்த ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம். யாரும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது அம்மாக்கண்ணு முன்னால் நடந்தாள், அவர் பின்னால். பொங்கல் பானையைச் சுமந்துகொண்டு நான் இன்னும் பின்னால்.

"உன் வேலதான?" என்றார் அவர்.

"என் வேலதான்."

"எப்பிடித் தெரிஞ்சுது உனக்கு?"

"சாமை சொல்லிச்சு. கால்ல முளைக்குமான்னு கேட்டீங்களே, முளைச்சுது. வுழுந்த எடத்துலயும் முளைச்சுது."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். பிறகு அவர், ஏதோ நல்ல செய்தி சொல்வது போல, "வுழுந்தேன். ஆனா கழலல, தெரியுமா?" என்றார்.

அவள் நின்று திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் பேச்சு கலங்கவில்லை. "ஒருவாட்டி கழலல. அத வெச்சிக்கினு ஆடப் போனீங்க. கழண்டுகினு கெடந்திருந்தா? அந்த நேரத்துல களத்துல யாரு கீறாங்க? நரி கீது."

"எந்தப் பச்சை மேல சொன்னான்?" என்று மட்டும் கேட்டார்.

"அதே நாத்துதான். அவன் வாசல்ல கீது."

அடுத்த வாரத்திலிருந்து சடையன் ஓடைக்கு இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, கோவிந்தன் வாசலுக்குப் போக ஆரம்பித்தார். போவார். சாமையைப் பார்ப்பார். "இன்னும் கதிர் வாங்கலியே" என்பார். திரும்பி வருவார். இரண்டு நாள் கழித்து மறுபடியும். கோவிந்தன் வேலி கட்டினான். "ஆடு மேஞ்சிடும்னு இல்ல மாமா, நீ மேஞ்சிடுவன்னு" என்றான். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். கோவிந்தன் வீட்டிலும் ஓர் உரல் கவிழ்த்துப் போடப்பட்டது. அதில் பூனைதான் படுத்திருந்தது.

புரட்டாசியில் அந்தப் பிடிச் சாமை கதிர் முற்றியது. அறுக்கிற அன்று சடையன் போய்ப் பக்கத்திலேயே நின்றார். கோவிந்தன் அரிவாளை வைத்ததும், "சரி. இனிமே சொல் இல்ல" என்றார். "இல்ல மாமா" என்றான் அவன். "வர்ற ஆடிக்கு கை வெப்ப?" கோவிந்தன் அக்காவை நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. கதிரைத் தட்டிக்கொண்டே, "வர்ற ஆடி வரட்டும்" என்றான்.

திரும்பும் வழியில் ஓடையில் இறங்கித் துண்டு நிறைய மணல் அள்ளிக்கொண்டு வந்தார். நல்ல கனம். சாயாமல் மேடு ஏறினார். வீட்டு வாசலில் அதைக் கொட்டிவிட்டு, பழைய பைகளை அம்மாக்கண்ணுவிடம் நீட்டினார்.

"இதுல மணல் போட்டுத் தெச்சிக் குடு. மணல் முளைக்காதில்ல?"

அவள் பைகளை வாங்கி ஓட்டைகளைப் பார்த்தாள். அவர் அதற்குள் மாட்டைப் பார்க்கப் போயிருந்தார். மாட்டுக்கொட்டகையில் அவர் காலடி இங்கும் அங்கும் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாக்கண்ணு மணலைப் பையில் நிரப்பினாள். பிறகு எழுந்து உள்ளே போய், குதிரிலிருந்து ஒரு பிடி சாமையைக் கொண்டுவந்து மணலோடு கலந்தாள். ஊசியில் நூல் கோத்தாள். ஒரு ஓரத்தில் மட்டும் தையலைத் தளர்வாக விட்டுத் தைத்தாள்.